வெளியே போகுது

மாப்பிள்ளை கையுறையைக் கழற்றாமல்தான் டீ குடிப்பான். நெருப்பைத் தாங்கும் ரகம் என்று ஊரெல்லாம் தேடி வாங்கிய கையுறை. அது இதுவரை தாங்கிய ஒரே நெருப்பு அந்த டீ டம்ளர்தான்.

வீட்டில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. பட்டறையிலும் மாப்பிள்ளை. பந்தயத் தடத்தின் வாசலில் நிற்கும் காவலாளிகூட, மாப்பிள்ளை வண்டி வந்தாச்சு என்று சொல்லித்தான் கயிற்றை அவிழ்ப்பான். அவனைக் கட்டிக்கொண்டவளைப் பாப்பா என்பார்கள். முப்பது வயதாகிவிட்டது, இன்னும் பாப்பா. வாயில் அவனை நீங்க, வாங்க என்று சொன்னாலும் மனசுக்குள் அவள் அவனை அவன் என்றே வைத்திருந்தாள். அந்த ஒரு சுதந்திரத்தை யாரும் கேட்கவில்லை, அவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அந்தப் பந்தயக் காரை ஓட்டியவள் அவள்தான். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கார் பட்டறை. வாரநாளில் ஊர்க்காரர்களின் வண்டிகளுக்கு பிரேக் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை, எனக்கும் ஓட்டிப் பார்க்கணும்னு ஒரு ஆசை மாமா, என்றான். டைல்ஸ் கடை வைத்திருப்பவன். வழவழப்பான தரையைத் தவிர வேறு தரையோடு அவனுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் மாப்பிள்ளை ஆசைப்பட்டுவிட்டார். அப்பா சீட்டைப் பின்னால் தள்ளிவைத்தார், அவன் கால் அவளுடையதைவிட நீளம் என்பதால். பாப்பாவுக்கு டயர் பார்க்கும் வேலை வந்தது. காற்று, சூடு, தேய்மானம். அதுவும் முக்கியமான வேலைதாம்மா என்று அப்பா சொன்னார். முக்கியம் இல்லாத வேலையைக் கொடுக்கும்போது அப்பா இந்த வரியைத்தான் சொல்வார்.

இப்போது விஷயத்துக்கு வரலாம். பந்தயம் அடுத்த வாரம். பெயர் கொடுக்க இன்று சாயங்காலம்தான் கடைசி. ஒரு வண்டிக்கு ஓர் ஓட்டுநர். அந்த ஓட்டுநர் இன்றைய பயிற்சியிலேயே, நடத்துபவர்கள் வைத்திருக்கும் தகுதி நேரத்துக்குள் ஒரு சுற்றாவது ஓட்டிக் காட்ட வேண்டும். போன முறை மாப்பிள்ளையால் முடியவில்லை. வண்டி வீட்டிலேயே நின்றது. இந்த முறையும் வீட்டில் நிறுத்த அப்பாவுக்கு மனசில்லை. அதனால் காலையிலேயே ஒரு முடிவைச் சொன்னார். வெயில், மழை, உடம்பு அலுப்பு, டைல்ஸ் வியாபாரத்தின் சிரமங்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்து சொன்னார். சுற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் எஞ்சியது இவ்வளவுதான்: மாப்பிள்ளை சாயங்காலத்துக்குள் நேரத்தை எடுத்தால் இந்த வருஷம் முழுக்க அவர். எடுக்காவிட்டால் பாப்பா.

பாப்பா டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். முகத்தில் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை.

வண்டியின் சஸ்பென்ஷன் சித்தப்பாவின் கையில். அப்பாவின் தம்பி. இளவயதில் அவரும் ஓட்டியவர். ஒரு மழை நாளில் வளைவு முடியும் இடத்தில் வண்டியின் பின்பக்கம் வீசிக்கொண்டு சுழன்று, சுவரில் மோதி, தோள்பட்டை எலும்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. அந்தச் சுழற்சி மட்டும் இன்னும் நிற்கவில்லை. உலகத்தில் எந்த வண்டிக்கு என்ன வந்தாலும் அது வால் வீசுவதால்தான் வருகிறது என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் ஒரு தடவை பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பானட்டைத் திறப்பார்.

முதல் ஓட்டம் முடிந்து மாப்பிள்ளை வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமுடியைச் சரிசெய்துகொண்டான். சித்தப்பா ஜன்னலில் குனிந்தார்.

"எப்படி இருக்கு மாப்ள?"

"கடைசி வளைவுல வெளியே வரும்போது வெளியே போகுது."

சித்தப்பா தலையை ஆட்டினார். இதைத்தான் எதிர்பார்த்தேன் என்கிற ஆட்டல். உடனே வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

வண்டி வளைவில் வெளியே போவது இரண்டு விதம். முன்சக்கரம் பிடிப்பை விட்டால், ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி திரும்பாமல் வெளி ஓரத்தை நோக்கி நகரும். பின்சக்கரம் பிடிப்பை விட்டால் வால் வெளியே வீசும், வண்டி தன்னையே சுற்றிக்கொள்ளும். முன்னது மூக்கு, பின்னது வால். அந்தப் பட்டறையில் இரண்டுக்கும் சொல் இருந்தது. தினமும் புழங்கிய சொல். ஊரார் வண்டி என்றால் சித்தப்பா, மூக்கா வாலா என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். ஆனால் இது மாப்பிள்ளை. அவர் ஒன்று சொன்னபிறகு திரும்பக் கேட்டால், சொன்னது புரியவில்லை என்றாகிவிடும். இல்லை, சொல்லத் தெரியவில்லை என்றாகிவிடும். இரண்டும் மரியாதை இல்லை. அதனால் அந்தக் குடும்பத்தில் மாப்பிள்ளையை யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டுமா என்றுகூட ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள்.

இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற கம்பி ஒன்று முன்னால் உண்டு, பின்னால் ஒன்று உண்டு. எந்தக் கம்பியை இறுக்குகிறோமோ அந்தப் பக்கத்து வெளி டயரின் மேல் பாரம் கூடும். பாரம் கூடக் கூட அந்த முனைதான் முதலில் வழுக்கும். வால் வீசுகிறது என்றால் முன்கம்பியை இறுக்க வேண்டும். மூக்கு போகிறது என்றால் அதைத் தளர்த்த வேண்டும். சித்தப்பா முன்கம்பியை இறுக்கினார்.

மாப்பிள்ளை போய்விட்டு வந்தான். நேரம் கூடியிருந்தது, குறையவில்லை.

"இன்னும் வெளியே போகுது."

சித்தப்பா இன்னும் இறுக்கினார்.

கடைசி வளைவு, வண்டிகள் நிற்கும் இந்தக் கொட்டகையிலிருந்து தெரியாது. நடுவில் பழைய டயர்களை அடுக்கிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். சத்தம் மட்டும் வரும். பாப்பாவுக்குச் சத்தம் போதும். இன்ஜின் உறுமல் வளைவு முடிவில் ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் தயங்கித் தயங்கி நின்றது. வால் வீசினால் உறுமல் துள்ளும். இது துள்ளவில்லை. இது காத்திருந்தது. மூக்கு திரும்புமா என்று காத்திருக்கிற ஆள் இப்படித்தான் காலை வைத்துக்கொண்டிருப்பான்.

மூன்றாவது தடவை வண்டி வந்ததும் டயர்களைத் தொட்டுப் பார்த்தாள். முன் டயரின் வெளி விளிம்பு சுட்டது, ரப்பர் சுருள் சுருளாக உரிந்திருந்தது. பின் டயர்கள் காலையில் மாட்டியபோது இருந்தபடியே, குளித்துத் தலைவாரிப் புகைப்படத்துக்கு உட்காரவைத்த மாதிரி இருந்தன. இனி சந்தேகம் இல்லை. சித்தப்பா காலையிலிருந்து நோயை ஊட்டி வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

"சித்தப்பா, முன் டயரப் பாத்தா..."

"நீ டயரப் பாரு பாப்பா. இதுல மூக்க நுழைக்காத."

அவள் மூக்கை எடுத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் அவர் தேடிக்கொண்டிருந்த சொல்லும் அதுதான். கேட்கிற வழக்கம் இல்லை.

மதியச் சாப்பாட்டின்போது இன்னொரு முறை முயன்றாள். மாப்பிள்ளை வண்டியின் பின்பக்கத்தில் சாய்ந்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் பார்க்கிற பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தான்.

"வெளியே போகுதுன்னு சொல்றீங்களே, எது போகுது?"

"வண்டிதான்."

"வண்டியில எது?"

"வண்டின்னா வண்டிதான். வண்டி வெளியே போறப்ப நான் மட்டும் உள்ளேயா நிப்பேன்?"

பக்கத்துக் கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். அவனுக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. டயரை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் புரியாது என்று அந்தப் பக்கமாகவே இன்னொன்றையும் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள்.

சரி, என்று பாப்பா நினைத்துக்கொண்டாள். இரண்டு தடவை வாயைத் திறந்தாயிற்று. கையில் மாவோடு வந்து கதவைத் தட்டியும் திறக்காதவர்களுக்குச் சமைத்துப் போட வேண்டுமா. ஒருவருக்கு இருபது வருஷத்துக்கு முன்னால் உடைந்த எலும்பு, இன்னொருவருக்கு நெருப்பு பிடிக்காத கையுறை. இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல வண்டியைக் கெடுக்கட்டும். சாயங்காலம் வரட்டும். சீட்டை முன்னால் இழுக்க எத்தனை நொடி ஆகும்.

அதன்பிறகு அவளுக்கு வேடிக்கை பார்ப்பது எளிதாகிவிட்டது. சித்தப்பா பின்கம்பியைத் தளர்த்தினார். மாப்பிள்ளை போய் வந்து, வெளியே போகுது என்றான். சித்தப்பா பின்கம்பியைக் கழற்றிச் சுவர் ஓரமாகச் சாத்தினார். மாப்பிள்ளை போய் வந்து, வெளியே போகுது என்றான். ஒரே சொல்லை ஒருவர் சொல்ல, ஒரே சொல்லை இன்னொருவர் கேட்க, இருவருக்கும் நடுவில் வண்டி மட்டும் மேலும் மேலும் கெட்டுக்கொண்டே போனது. அப்பா கையில் நேரக் கருவியை வைத்துக்கொண்டு, பரவாயில்லை மாப்ள, ரொம்பப் பக்கத்துல வந்துட்டீங்க, என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூரமாகத்தான் போயிருந்தான்.

வெயில் சாயத் தொடங்கியபோது மாப்பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு உடனே இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான், தலைமுடியைச் சரிசெய்துகொள்ளவில்லை. பாப்பா டயரில் சூடு பார்க்கிற ஊசியோடு முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தாள். சித்தப்பாவும் அப்பாவும் சுவரில் சாத்திய கம்பியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தான். உள்ளங்கை சிவந்து, கட்டைவிரல் அடியில் தோல் உரிந்திருந்தது.

"எனக்குத்தான் ஓட்டத் தெரியலையா?" என்றான். குரலைத் தாழ்த்தி, அவளுக்கு மட்டும்.

அவன் அவளிடம் ஏதாவது தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஊசி முன் டயரின் வெளி விளிம்பில் குத்தி நின்றது. பதில் அங்கேயே, கையளவு தூரத்தில், உரிந்து கிடந்தது. ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் சித்தப்பா கம்பியை மாட்டுவார், முன்னால் தளர்த்துவார், அவன் ஒரு சுற்றுப் போவான், நேரத்தை எடுத்துவிடுவான். வருஷம் முழுக்க அவன். சீட்டு பின்னாலேயே இருக்கும்.

"தண்ணி குடிங்க," என்றாள்.

அவன் குடித்தான்.

அப்பா வந்தார். மாப்பிள்ளை ரொம்பக் களைச்சுப் போயிட்டார், வண்டியும் இன்னைக்கு என்னவோ ஒத்துழைக்கல, யார் ஓட்டினா என்ன, ஒரே குடும்பம்தானே, என்று பலவாறாகச் சுற்றி வந்து, கடைசியில் பாப்பாவின் ஹெல்மெட் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அது காலையிலிருந்தே காற்றடிக்கும் எந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. அவள்தான் வைத்திருந்தாள்.

சீட்டு முன்னால் வந்தது. சீட் பெல்ட்டின் கொக்கிகளை மாட்டிக்கொண்டாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வாசனை. எரிபொருளும் சூடேறிய ரப்பரும், இப்போது கொஞ்சம் மாப்பிள்ளையின் தலை எண்ணெயும். வண்டியை வெளியே எடுத்தாள்.

முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. கடைசி வளைவில் கைகள் முழுசாகப் புரிந்துகொண்டன. ஸ்டியரிங்கைத் திருப்பினாள், மூக்கு கேட்கவில்லை. இன்னும் திருப்பினாள். வண்டி பிடிவாதமாக வெளி ஓரத்துக்கு, மண்ணுக்கு, அந்தப் பழைய டயர்ச் சுவரை நோக்கிப் போனது. காலைத் தளர்த்தினாள். தளர்த்தியதும் பாரம் முன்னால் விழுந்து மூக்கு சட்டென்று தரையைக் கடித்தது. ஸ்டியரிங் கையை உதறியது. கட்டைவிரல் அடியில் எரிந்தது. அடுத்த சுற்றில் எல்லா வித்தையையும் காட்டிப் பார்த்தாள். பிரேக்கை முன்னதாகப் போட்டாள், பின்னதாகப் போட்டாள், உள் ஓரத்தைத் தாமதமாகத் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பலகையில் அவள் நேரம் விழுந்தது. மாப்பிள்ளையின் கடைசி நேரத்தைவிட ஒரு மயிரிழைதான் குறைவு.

அந்த மயிரிழை அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த வண்டியை வைத்துக்கொண்டு இந்த டைல்ஸ் கடைக்காரன் நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறான். ஒரு தடவைகூட மண்ணில் இறங்கவில்லை. ஓட்டத் தெரியாதவனால் இது முடியாது. இதை ஒத்துக்கொள்வதைவிடக் கை எரிச்சலே தேவலை என்றிருந்தது.

கொட்டகைக்குள் திரும்பினாள். பயிற்சி முடிய இன்னும் கொஞ்சம்தான் நேரம் பாக்கி. சித்தப்பா ஜன்னலில் குனிந்தார். அவர் முகத்தில் அதே தயார்நிலை. கையில் ஸ்பானர் முன்கம்பிக்கான அளவில் இருந்தது.

"என்னம்மா, வெளியே போகுதா?"

ஆமாம் என்றால் இன்னும் இறுக்குவார். இறுக்க இனி இடமில்லை என்றாலும் எங்காவது கண்டுபிடிப்பார்.

"வால் இல்ல சித்தப்பா. மூக்கு. காலையிலேர்ந்து மூக்குதான் போகுது."

சித்தப்பா நிமிர்ந்தார். ஸ்பானரைப் பார்த்தார். சுவரில் சாத்தியிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு, நாள் முழுக்கக் கேட்காத கேள்வியை மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, நீங்க வாலுன்னுதானே சொன்னீங்க?"

"நான் வண்டின்னுதான் சொன்னேன்."

அப்பா இருவருக்கும் நடுவில் புகுந்து, வால்னா என்ன மூக்குன்னா என்ன, ரெண்டும் நம்ம வண்டிதானே, என்று சமாதானம் பண்ணினார். சித்தப்பா அதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டார். முன்கம்பி முழுக்கத் தளர்ந்தது. பின்கம்பி சுவரிலிருந்து வந்து தன் இடத்தில் ஏறி இறுகியது. வேலையில் அவர் கை வேகமானது. வேலை எது என்று தெரிந்துவிட்டால் போதும்.

மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றான். அவன் அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. நடந்து வந்து, முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, வெளி விளிம்பை வெறும் விரலால் தடவினான். விரலைத் திருப்பிப் பார்த்தான். கருப்பு ரப்பர்த் துகள் ஒட்டியிருந்தது. பிறகு எழுந்து பின்சக்கரத்துக்குப் போய் அதையும் தடவினான். அந்த விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. ஜன்னலுக்கு வந்தான்.

"காலையிலேர்ந்தா?" என்றான்.

அவள் வண்டியில் ஏறியதே இப்போதுதான். அந்தச் சொல் எப்படி வாயிலிருந்து விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. கோபம் மாதிரி இல்லை. கடையில் டைல்ஸ் வாங்க வந்தவர் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் விரிசல் இருக்கிறதே என்று சொன்னால் அவன் இப்படித்தான் அந்த டைல்ஸைப் பார்ப்பான்.

சித்தப்பா கீழேயிருந்து வெளியே வந்து, போலாம்மா, என்று கூரையைத் தட்டினார்.

வண்டி இப்போது வேறு வண்டி. கடைசி வளைவில் மூக்கு உள் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே நின்றது. பாதி வளைவிலேயே காலை அழுத்தினாள். வால் ஒரு விரல் அளவு நகர்ந்து, போதும் என்று தானே நின்றுகொண்டது. சுவர் அந்தப் பக்கமாகவே போய்விட்டது. நேரம் வந்தது, தகுதிக்கு நல்ல இடைவெளி விட்டே வந்தது. அவள் திரும்பி வருவதற்குள் அப்பா போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டார். பாப்பா என்று எழுதக் கூடாது, முழுப்பெயர் வேண்டும் என்றார்களாம். ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

வருஷம் முழுக்க அவள். இதற்காகத்தான் மதியத்திலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்ஜினை அணைத்தாள்.

ஆட்கள் வேலைகளை மாற்றிக்கொள்ளும்போது அந்தக் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. மாப்பிள்ளை கையுறையை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஊசியை எடுத்திருந்தான். ஒவ்வொரு சக்கரமாகக் குந்தி, உள் விளிம்பு, நடு, வெளி விளிம்பு என்று பொறுமையாகக் குத்திப் பார்த்தான். கடையில் அளவெடுக்கிறவன் கை. அவசரம் இல்லை, தவறும் இல்லை. அவனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அடுத்த வாரம் பந்தயம். ஓடும்போது அவளால் டயரைத் தொட்டுப் பார்க்க முடியாது. எந்த டயர் எங்கே தேய்கிறது, எந்தக் கம்பியை எந்தப் பக்கம் மாற்றலாம் என்று சொல்ல வேண்டியவன் இனி அவன்தான்.

"டயர் எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"எது? முன்னாடியா, பின்னாடியா?"

அவன் ஊசியின் முனையைத் துணியில் துடைத்தான். நிதானமாக, இரண்டு பக்கமும்.

"டயர்தான்," என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினான்.

"தண்ணி குடி."